ஒரே விரிப்பில் ஒரு மாதமா?

ஹோட்டல் அறைக்கு வாங்குகிற வாடகையை வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் தங்க வருகிற குடும்பத்திடம் கட்டிலுக்கு ஒரு விரிப்பு, ஆளுக்கு ஒரு துண்டு என்று கொடுத்துவிட்டுச் சாவியையும் நீட்டிவிட்டுப் போய்விடுகிற வழக்கம் தாம்பரத்துக்குக் கிழக்கே நன்றாக வேரூன்றிவிட்டது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், அகரம்தென் சாலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ‘சர்வீஸ் அபார்ட்மெண்ட்’, ‘ஷார்ட் ஸ்டே’ பலகைகள். சமையலறை உண்டு, கேஸ் உண்டு, மிக்ஸி உண்டு, வைஃபை உண்டு. சர்வீஸ்தான் இல்லை. இப்படி வீடு விடும் உரிமையாளர்களையும், அவர்கள் சார்பில் வீட்டை நடத்தும் ஏஜென்சிகளையும், எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காத தாம்பரம் மாநகராட்சியையும் ஒருசேரக் கண்டிக்கிறோம்.

இந்த வீடுகளுக்கு யார் வருகிறார்கள்? டிசம்பர், ஜனவரியில் அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் வருகிறார்கள். பெற்றோரின் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் எல்லோரும் படுக்க இடம் போதாது. பக்கத்துத் தெருவிலேயே ஒரு மாதத்துக்கு வீடு எடுக்கிறார்கள். கல்யாண வீட்டார் வருகிறார்கள். பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று கூடவே இருந்து பார்க்கும் வெளிமாநிலப் பெற்றோர் வருகிறார்கள். இவர்களில் பலருக்கு வசதியுண்டு. பிடிக்காவிட்டால் போத்தீஸிலோ சரவணா ஸ்டோர்ஸிலோ இரண்டு பெட்ஷீட் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஊருக்குப் போகும்போது வேலைக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். புகார் வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

நோயாளிகளுக்கு அந்த வசதி கிடையாது. குரோம்பேட்டை ரேலா மருத்துவமனை 2018-ல் வந்த பிறகு, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்காக வெளிமாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் குடும்பத்தோடு வந்து மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் இந்தப் பக்கத்துத் தெருக்களில் சாதாரணக் காட்சி. பெரும்பாக்கத்தில் இன்னொரு பெரிய மருத்துவமனை. சானடோரியத்தில் 2005-ல் திறந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு வருகிறவர்கள் வேறு. உறுப்பு மாற்று சிகிச்சை முடிந்தவருக்கு, புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியையே மருந்து கொடுத்து அடக்கி வைக்கிறார்கள். அதனால்தான் டாக்டர்கள் கொதிக்க வைத்த தண்ணீர், அப்போதே சமைத்த வீட்டுச் சாப்பாடு, சுத்தமான அறை என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புகிறார்கள். லாட்ஜை விட்டுவிட்டு அடுப்படி உள்ள வீட்டை இந்தக் குடும்பங்கள் தேடுவது அந்த ஒரு காரணத்துக்காகத்தான். உல்லாசத்துக்கு வந்தவர்கள் அல்ல. அவர்களிடமும் அதே ஒற்றை விரிப்பைத்தான் கொடுக்கிறோம்.

சேலையூரில் ஓர் அடுக்ககத்தில் நாம் பார்த்த வீட்டைச் சொல்கிறோம். யாருடைய வீடு என்பது முக்கியமில்லை. இதைப் போலப் பல உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது. வெள்ளை விரிப்பு, கால்மாட்டில் மெரூன் நிறத்தில் ஓர் அலங்காரத் துணி, தலையணைமேல் அன்னம் போல மடித்த துண்டு. தலையணை உறையைக் கழற்றினால் உள்ளே பழுப்பு வளையங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக; எத்தனை பேருடைய எண்ணெய்த் தலை, எத்தனை பேருடைய வியர்வை என்று கணக்கெடுக்கலாம். மெத்தைக்கு உறையே இல்லை. மெத்தையின் தையல் ஓரத்தை விரலால் பிரித்தால் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். மூட்டைப்பூச்சியோடு குடித்தனம் செய்தவர்களுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வாஷிங் மெஷின் இருக்கிறது. கதவு ரப்பரை இழுத்துப் பார்த்தால் கறுப்பாகப் பூஞ்சை. அதில் எதைப் போட்டுத் துவைத்தாலும், போட்டதைவிட அழுக்காகத்தான் வெளியே வரும். அலமாரியில் மாற்று விரிப்பு ஒன்றுகூட இல்லை. கேர்டேக்கரைக் கேட்டால், “ஒரு செட்தான் சார் கொடுப்போம், அவங்களே துவைச்சுப்பாங்க” என்கிறார். துவைத்தது காய்கிறவரை எதில் படுப்பது என்று கேட்டால் சிரிக்கிறார்.

காய்வதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் வருகிற காலம் இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். ஐப்பசியிலிருந்து மார்கழி பாதிவரை இந்தப் பகுதியில் ஒரு கனத்த பருத்தி விரிப்பு பால்கனிக் கொடியில் ஒரே நாளில் காய்வது அபூர்வம். மொட்டை மாடிக்குப் போகலாமென்றால் குடியிருப்போர் சங்கம் பூட்டி வைத்திருக்கும். ‘கெஸ்ட்டுகளுக்கு அனுமதி இல்லை’ என்று அட்டை தொங்கும். மேலே போர் தண்ணீரின் உப்பு, கீழே ஈரம். அரைகுறையாய்க் காய்ந்த விரிப்பைத் திரும்பவும் மெத்தைமேல் விரித்தால் மூன்றாவது நாள் அந்த அறைக்கே ஒரு வாடை வந்துவிடும். இந்த ஊருக்குச் சொந்தக்காரர்களான உரிமையாளர்களுக்கு இது தெரியாதா? தெரியும். தங்கள் வீட்டில் அவர்கள் இப்படிப் படுப்பதில்லை.

உடம்புக்கு வரும் கேட்டையும் மிகைப்படுத்தாமல் சொல்லிவிடுவோம். காசநோய் மருத்துவமனை உள்ள சானடோரியம் பக்கம் என்றாலே காசநோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காசநோய் காற்று வழியாகப் பரவுவது, விரிப்பு வழியாக அல்ல. மூட்டைப்பூச்சியும் நோயைப் பரப்புவதாகச் சான்று இல்லை, தூக்கத்தைத்தான் கெடுக்கும். ஆனால் சிரங்கும் படர்தாமரையும் அப்படியல்ல. இரண்டும் மற்றவர் படுத்த விரிப்பு, துடைத்த துண்டு வழியாகவும் வரக்கூடும். படர்தாமரை மருந்துக்கு மசியாமல் மாதக்கணக்கில் இழுக்கிறது என்று தோல் மருத்துவர்கள் நாடெங்கும் தலையில் அடித்துக்கொள்கிற காலம் இது. பச்சைத் தண்ணீரில் ஓர் அலசு அலசினால் இவற்றுக்கு ஒன்றும் ஆகாது. 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, மொரமொரவென்று காய வைத்தால்தான் விரிப்பு சுத்தமானதாக அர்த்தம். அதற்குத் தேவையானவை ஹீட்டர் உள்ள மெஷினும் நல்ல வெயிலும்; வெயிலுக்கு நம்மிடம் என்ன பஞ்சம், மழைக்காலம் தவிர?

1928-ல் டாக்டர் சவுரி முத்து தாம்பரத்தில் சானடோரியத்தைத் தொடங்கியபோது, இந்த ஊர் மருந்தாகத் தரக்கூடியவை காற்றும் வெயிலும்தான் என்று நம்பினார். இங்கிலாந்தில் திறந்தவெளிச் சிகிச்சைமனை நடத்திய அனுபவம் அவருக்கு. நோயாளி உடம்பு தேறத் தேடி வந்த ஊர் இது. அந்தப் பெயரை வைத்துத்தான் இன்றைக்கும் வாடகை வாங்குகிறோம்.

உரிமையாளர்கள் சொல்லும் சமாதானங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. ‘இது ஹோட்டல் இல்லை, வீடு. சமைத்துக்கொள்கிறார்கள் அல்லவா, துவைத்துக்கொள்ளவும் வேண்டியதுதானே?’ என்கிறார்கள். வாதத்துக்கு ஒப்புக்கொள்வோம். வீடு என்றால் மாத வாடகைக்கு விடுங்கள். அதற்குத் தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுதுங்கள், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள், ஊரில் உள்ள மாத வாடகையை வாங்குங்கள். அது வேண்டாம், நாள் கணக்கில்தான் வாங்குவேன் என்றால், நாள் கணக்கில் வாங்குகிறவனுக்குரிய கடமையைச் செய்யுங்கள். மின்வாரியத்திடம் வீடு என்று சொல்லி இலவச மின்சாரம் வாங்குகிறீர்கள். வாடகை வாங்கும்போது ஹோட்டல் ஆகிவிடுகிறீர்கள். விரிப்பு துவைக்கிற பேச்சு வந்ததும் மறுபடி வீடாகிவிடுகிறீர்கள். வேஷம் மாற்றுவதற்கும் ஓர் அளவுண்டு.

அடுத்த சமாதானம், வருகிறவர்கள் பாழடித்துவிடுகிறார்கள் என்பது. இதில் உண்மை இருக்கிறது. தலைமுடிச் சாயத்தைத் துண்டில் துடைக்கிறார்கள். படுக்கை விரிப்பையே தரையில் விரித்துக் காய்கறி நறுக்குகிறார்கள். அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு விரல் கனத்துக்கு ஏறியிருக்க, மீந்த சாம்பாரைப் பாத்திரத்தோடு விட்டுவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. துண்டுகள் பெட்டியோடு கடல் கடந்த கதைகளும் உண்டு. சமைத்த பாத்திரத்தைக் கழுவி வைப்பது, குப்பையை மக்குவது மக்காதது என்று பிரித்து வண்டி வரும் நேரத்துக்குக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பது, தங்கியிருக்கும் நாளில் வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்துக்கொள்வது ஆகியவை தங்குகிறவர் பொறுப்புதான். பணம் கொடுத்துவிட்டோம் என்பதற்காக அடுத்தவன் வீட்டைச் சத்திரமாக்குவதை நாமும் ஆதரிக்கவில்லை.

ஆனால் அதற்காகத்தானே டெபாசிட் என்று முன்கூட்டியே ஒரு தொகை வாங்கி வைக்கிறீர்கள்? அந்த டெபாசிட்டில் கை வைக்கிற விதத்தைத்தான் பார்க்கிறோமே. கல்யாணத்துக்கு வந்தவர்கள் தங்கிய வீடு. வெள்ளை விரிப்பில் மஞ்சள் பட்டுவிடுகிறது. நலங்கு வைத்த வீட்டில் மஞ்சள் படாமல் இருக்குமா? அதன்மேல் சோப்புத் தூள் பட்டதும் கறை குப்பென்று சிவக்கிறது. மஞ்சளின் குணம் அது, காரம் பட்டால் சிவக்கும். உடனே ‘சாயக் கறை, போகாது, புது விரிப்பு’ என்று ஆயிரக்கணக்கில் பிடித்துக்கொள்கிறார்கள். சோப்பு போகும்வரை நன்றாக அலசி உச்சி வெயிலில் போட்டால் மஞ்சள் வெளிறிப் போகும் என்று துணி துவைத்துப் பழகிய யாருக்கும் தெரியும். பணத்தைப் பிடித்துக்கொண்ட அதே விரிப்பு அடுத்த வாரம் அடுத்த குடும்பத்தின் கட்டிலில் கிடக்கிறது. சித்த மருத்துவத்துக்கு வந்து, தொக்கணம் என்கிற உடம்புப் பிடிப்பு முடிந்து எண்ணெய் உடம்போடு படுக்கிறவர்களுக்கும் இதே கதி. வைத்தியத்துக்கு வருகிறவர்கள் என்று தெரிந்தே வீடு கொடுக்கிறீர்கள். எண்ணெய்க்கென்று பழைய பருத்தி விரிப்பு இரண்டு கூடுதலாகக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

‘க்ளீனிங் சார்ஜ்’ இன்னொரு கூத்து. விளம்பரத்தில் ஒரு வாடகை. பணம் கட்டும் கடைசிப் படியில் சுத்தம் செய்வதற்கு என்று தனியாக ஒரு தொகை முளைக்கும். அது கொடுத்தும், கிளம்பும் நாளில் ‘பாத்ரூம் கழுவிவிட்டுப் போங்கள், விரிப்புகளை மெஷினில் போட்டுவிட்டுப் போங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வரும். அந்தப் பணம் எதற்கு? துடைப்பமும் ஃபினாயிலுமாக மூன்று மாடி ஏறி இறங்குகிற அந்த அம்மாவின் கைக்கு அதில் எவ்வளவு போகிறது என்று எந்த உரிமையாளராவது கணக்குக் காட்டுவாரா? விலையைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டுவதை 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த விதிமுறைகள் ஏமாற்று உத்தி என்றே வகைப்படுத்தியிருக்கின்றன. இணையவழி வியாபாரத்தில் தடை செய்யப்பட்ட 13 உத்திகளில் அது ஒன்று. அமெரிக்காவில் 2025 மே 12 முதல் குறுகிய காலத் தங்குமிடங்கள் எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்தது. ஏர்பிஎன்பி நிறுவனமும் அதே ஆண்டு உலகம் முழுவதும் மொத்தத் தொகையைக் காட்டத் தொடங்கியது. புரோக்கர் மூலமும் வாட்ஸ்அப் மூலமும் விடப்படுகிற நம் வீடுகளை இதெல்லாம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சட்டம் இல்லை என்று மாநகராட்சி கையை விரிக்க முடியாது. இந்தியாவிலேயே முதலாவதாக 1939-ல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றியது. அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. வருவோர் போவோருக்குப் பணம் வாங்கிக்கொண்டு படுக்க இடம் கொடுக்கும் எந்த இடமும், சாப்பாடு போட்டாலும் போடாவிட்டாலும், அதன் கண்ணில் தங்கும் விடுதிதான். தொற்றுநோயாளி இருந்த வீட்டைக் கிருமி நீக்காமல் அடுத்தவருக்கு வாடகைக்கு விடக் கூடாது என்றும் அது சொல்கிறது. இதற்கும் 72 ஆண்டுகள் முன்னால், 1867-ல், வெள்ளைக்காரன் வழிப்போக்கர் சத்திரங்களுக்காகப் போட்ட சராய் சட்டத்திலேயே அறைகளையும் சாக்கடைகளையும் நன்றாகச் சுத்தம் செய்வதும், கட்டணப் பட்டியலை எல்லோரும் பார்க்க மாட்டுவதும் சத்திரக்காரன் கடமை என்று எழுதியிருந்தது. மாட்டுவண்டிக் காலத்துச் சத்திரத்துக்கு இருந்த விதி, லிஃப்ட் வைத்த அடுக்ககத்துக்கு இல்லையாம்.

வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய படிவத்தில் அரசுக்குத் தகவல் கொடுக்காவிட்டால் வீட்டுக்காரர் வம்பில் மாட்டிக்கொள்வார். அதனால் பாஸ்போர்ட் நகலை மறக்காமல் வாங்குகிறார்கள். அந்த பாஸ்போர்ட்டுக்கு உரியவர் எதன்மேல் படுக்கிறார் என்று கேட்க ஒரு படிவமும் இல்லை, ஓர் அதிகாரியும் இல்லை.

ரயில்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில், ஏசி பெட்டிகளில் கொடுக்கும் கம்பளிகளை மாதம் ஒருமுறையாவது துவைக்கிறோம் என்று அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் மக்களவையில் தெரிவித்தபோது நாடே முகம் சுளித்தது. நாமும்தான் கேலி செய்தோம். ஆனால் அந்த ரயில்வேகூட ஓர் இரவுப் பயணத்துக்குத் துவைத்து மடித்த விரிப்புகளைக் காகித உறையில் போட்டுக் கொடுக்கிறது. கம்பளி மேலே படாமலிருக்கக் கூடுதல் விரிப்பும் தருகிறது. எழும்பூரில் ஏறி மதுரையில் இறங்குகிறவருக்குக் கிடைப்பது, சேலையூரில் நாற்பது நாள் தங்குகிறவருக்குக் கிடைக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஹோட்டல் தொழிலில் ஒரு கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு என்பது பழைய கணக்கு: ஒன்று கட்டிலில், ஒன்று துவைக்கப் போயிருக்கும், ஒன்று அலமாரியில். சமையலறை வைத்த வீட்டுக்கும் அதுவே கணக்காக இருக்கட்டும். ஆள் மாறும்போது விரிப்பு, உறை, துண்டு எல்லாம் மாற வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவருக்கு வாரம் ஒருமுறை விரிப்பும், அதற்குள் இரண்டு முறையாவது துண்டும் மாற்றித் தர வேண்டும். மெத்தைக்கும் தலையணைக்கும் கழற்றித் துவைக்கக்கூடிய உள்ளுறை போட வேண்டும். நாங்கள் மாற்ற மாட்டோம், நீங்களே துவைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் ஏற்பாடு என்றால் அதுவும் ஓர் ஏற்பாடுதான். ஆனால் அதைப் பணம் வாங்கும் முன்பே எழுத்தில் சொல்லுங்கள், வாடகையைக் குறையுங்கள், மூன்று செட்டையும் வீட்டிலேயே வையுங்கள், ஓடுகிற மெஷினும் துணி காயப்போட இடமும் கொடுங்கள். எழுத்து என்றால் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் போதாது. வருகிறவர்களில் எத்தனையோ பேர் இந்தியும் வங்காளமும்தான் படிப்பார்கள்.

சிகிச்சைக்கு வருகிறவருக்கு வீடு கொடுக்கும்போது பொறுப்பு இரட்டிப்பாகிறது. மருத்துவமனைகளும் இதில் ஒதுங்கி நிற்க முடியாது. வெளியூர் நோயாளிகளின் உறவினர் கையில் ‘பக்கத்தில் தங்க இடங்கள்’ என்று பட்டியல் கொடுக்கும் மருத்துவமனை எதுவானாலும், அந்தப் பட்டியலில் உள்ள வீடுகளை ஒரு செவிலியரையோ சுகாதார ஊழியரையோ அனுப்பிப் பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும். தலையணை உறையைக் கழற்றிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

மாநகராட்சிக்கு ஒரு வார்த்தை. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவான மாநகராட்சி இது, 70 வார்டுகள். கொசுப்புழு இருக்கிறதா என்று வீட்டு மாடித் தொட்டியைத் திறந்து பார்க்க ஆள் அனுப்பத் தெரிந்த நிர்வாகம், நாள் வாடகைக்கு விடப்படும் வீடுகள் எவை என்று ஒரு பதிவேடு எழுத முடியாதா? அந்த வீடுகளின் விளம்பரங்கள் எல்லார் கைபேசியிலும் கிடக்கின்றன. தேடிப் பிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம். பதிவு செய்யாத வீட்டுக்கு வணிக வரி விகிதம், முதல் சோதனையில் எச்சரிக்கை, இரண்டாவதில் அபராதம், மூன்றாவதில் பூட்டு என்று வார்டுதோறும் அறிவித்து, ஐப்பசி மழை தொடங்கும் முன் முதல் சுற்றுச் சோதனையை முடிக்க வேண்டும். சுற்றுலாத் துறையும் ஹோம்ஸ்டே திட்டம் என்று பேசுவதை மலைப்பிரதேசங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் புறநகர்ப் பக்கமும் வரட்டும்.

தங்குகிறவர்களுக்கும் சொல்கிறோம்: சகித்துக்கொண்டு ஊர் திரும்பாதீர்கள். சொன்ன சேவையில் குறை இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே சொல்லலாம். அங்கே தீராவிட்டால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலோ, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலோ வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. சாவி வாங்கிய உடனே, பெட்டியைத் திறப்பதற்கு முன், மெத்தையையும் தலையணையையும் உறை நீக்கிப் படம் எடுத்து உரிமையாளருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். விளம்பரத்தின் நகலையும் பணம் கட்டிய ரசீதையும் அழிக்காதீர்கள்.